எத்தனை வீடு என்று கேட்டவர்கள், யாருடைய காணி என்று கேட்கவில்லை

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார் என்ற பழமொழியைத் தமிழர் எல்லோரும் அறிவர். யாழ்ப்பாணத்தில் இவை இரண்டும் வேறு வேறு காரியங்கள் அல்ல. மகளுக்குக் கலியாணம் பேசத் தொடங்கினால் முதலில் எழும் கேள்வி வீடும் வளவும் பற்றியதுதான். ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்து எழுதிவைத்த தேசவழமைச் சட்டம் சீதனத்துக்குச் சட்டத் தகுதி கொடுத்தது. மகளின் பெயரில் உறுதி முடிப்பதற்காகத் தகப்பன்மார் கொழும்பிலும் மலாயாவிலும் ஆயுள் முழுவதும் உத்தியோகம் பார்த்தார்கள். எங்கள் மானிப்பாயில் மருதடிப் பிள்ளையார் கோயிலைச் சுற்றியும் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைச் சுற்றியும் உள்ள ஒழுங்கைகளில் காணப்படும் பழைய கல்வீடுகளிற் பல இவ்வாறு எழுந்தவையே. மலாயா றெயில்வேயின் பென்சன் காசும் அரசாங்க எழுதுவினைஞரின் மாதச் சம்பளமும்தான் அன்றைக்கு எங்கள் பகுதியின் வீடமைப்புத் திட்டம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இலங்கையின் வீடமைப்புக் கொள்கை பற்றி எழுதுபவர்கள் கொழும்பின் சேரிகளிலிருந்தே தொடங்குவது வழக்கம். குடாநாட்டில் நின்று அதே வரலாற்றைப் பார்த்தால் வேறொரு தோற்றம் தெரிகிறது. பத்திரிகைத் தொழிலில் நான் கழித்த காலத்தில் எத்தனையோ வீட்டுத்திட்ட அறிவிப்புகளைச் செய்தியாக்கியிருக்கிறேன். ஒவ்வோர் அறிவிப்பிலும் ஓர் எண்ணிக்கை இருந்தது. ஓர் இலட்சம், பத்து இலட்சம், பதினைந்து இலட்சம், ஐம்பதாயிரம், அறுபத்தையாயிரம். அந்த வீடு யாருடைய காணியில் எழும், அதை எப்படிக் கட்டுவது என்பதை யார் தீர்மானிப்பார் என்ற இரண்டும் அறிவிப்புகளில் இருப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு திட்டமும் வென்றதும் தோற்றதும் இந்த இரண்டு கேள்விகளிலேதான்.

முதலில் காணி. சீதன வழக்கம் காணி உள்ளவர்களின் வழக்கம். காணி இல்லாதவர்களும் இங்கே இருந்தார்கள். மரமேறியும் தோட்டங்களிற் கூலிவேலை செய்தும் வாழ்ந்த சாதியினரில் பலர் பிறருடைய நிலத்தில் ஓலைக் கொட்டில் போட்டுக் குடியிருந்தனர். காணிக்காரன் போகச் சொன்னால் போக வேண்டும். தேசவழமையின்படி ஒருவர் தமது காணியை விற்கும்போது வாங்கும் உரிமை முதலில் பங்காளிக்கும் உறவினருக்கும் அயற்காணிக்காரருக்கும் இருந்தது. குடும்பச் சொத்து வெளியே போகாதிருக்க எழுந்த இந்த ஏற்பாடு, வெளியே நின்றவர் உள்ளே வராதிருக்கவும் உதவியது. பிற்காலத்தில் 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பொது இடங்களில் சாதித் தடையைக் குற்றமாக்கியது. குடியிருக்க நிலம் இல்லாமையை எந்தச் சட்டமும் குற்றமாகக் கருதவில்லை.

அரசு வீட்டு விடயத்தில் முதன்முதலாகத் தலையிட்டது சுகாதாரத்தின் பெயரால். 1914 இல் கொழும்பில் பிளேக் நோய் பரவியது. அடுத்த ஆண்டே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. வீதியின் அகலம், யன்னலின் அளவு, மலகூடத்தின் தூரம் ஆகியவற்றை அது வகுத்தது. இன்றைக்கும் பிரதேச சபையில் கட்டட அனுமதிக்கு வரைபடம் கொடுப்பவர் அந்த 1915 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாரிசுகளோடுதான் மல்லுக்கட்டுகிறார். அடுத்த தலையீடு யுத்தத்தின் பெயரால். 1942 இல் வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. வாடகை வீடு அதிகம் இல்லாத குடாநாட்டுக் கிராமங்களை அது பெரிதாகத் தொடவில்லை.

சுதந்திரத்தின் பின் 1949 இல் வீடமைப்புக் கடன் சட்டமும், 1954 இல் தேசிய வீடமைப்புச் சட்டமும் வந்தன. தேசிய வீடமைப்புத் திணைக்களமும் தேசிய வீடமைப்பு நிதியமும் உருவாயின. கடன் கொடுத்து வீடு கட்டுவிப்பதே அக்காலக் கொள்கையின் மையம். கடனுக்கு ஈடு வேண்டும். ஈடு என்றால் உறுதி. உறுதி உள்ள அரசாங்க உத்தியோகத்தர் கடன் பெற்றார், கல்வீடு கட்டினார். உறுதி இல்லாதவர் திணைக்களத்தின் படியேறும் தேவையே எழவில்லை. பின்னால் வந்த எல்லாத் திட்டங்களுக்கும் இங்கேயே அத்திவாரம் இடப்பட்டுவிட்டது எனலாம்.

1970 இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு வேறு திசையில் சென்றது. கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சரானார். 1972 இன் வாடகைச் சட்டம் வாடகைக் குடியிருப்பாளரை வெளியேற்றுவதை மேலும் கடினமாக்கியது. 1973 இன் முதலாம் இலக்கச் சட்டம் வீட்டுச் சொத்துக்கு உச்சவரம்பு விதித்தது. வரம்புக்கு மேற்பட்ட வீடுகளை அரசு பொறுப்பேற்று, அவற்றில் வாடகைக்கு இருந்தவர்களே வாங்க வழிசெய்தது. கொழும்பில் தலைமுறைகளாக வாடகைக்கு இருந்த பலர் சொந்த வீட்டுக்காரரானது இக்காலத்தில்தான். அதே சமயத்தில் வாடகைக்கு விடுவதற்காக வீடு கட்டும் ஆர்வம் மங்கியதும் இக்காலத்தில்தான். 1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் நெற்காணிக்கு 25 ஏக்கர், ஏனையவற்றுக்கு 50 ஏக்கர் என வரம்பு வைத்தது. குடாநாட்டிலோ காணியைப் பரப்பிலும் குழியிலும் அளக்கிறோம். அத்தனை ஏக்கர் வைத்திருந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தெற்கில் பெருந்தோட்டங்களைப் பிரித்த சட்டம் வடக்கில் ஒரு கொட்டிலின் நிலத்தைக்கூட அதன் குடியிருப்பாளருக்குச் சொந்தமாக்கவில்லை.

1977 இன் பின் வந்தது ரணசிங்க பிரேமதாச யுகம். கொழும்பின் எளிய பகுதியொன்றில் வளர்ந்த அவர் வீடமைப்பைத் தமது அரசியலின் உயிர்நாடியாக்கிக் கொண்டார். 1978 இல் ஓர் இலட்சம் வீடமைப்புத் திட்டம் தொடங்கியது. 1979 இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை உருவானது. ‘கம் உதாவ’ என்னும் கிராம எழுச்சி விழாக்கள் ஆண்டுதோறும் நடந்தன. அரசே கட்டிக்கொடுப்பது எவ்வளவு செலவானது என்பதை அரசு விரைவிலேயே உணர்ந்தது. 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டத்தில் கொள்கை தலைகீழாக மாறியது. அரசின் தலையீடு குறைவாகவும் ஆதரவு கூடுதலாகவும் இருக்க வேண்டும், கட்டுபவர் குடும்பத்தலைவரே, அரசு சிறுகடன் கொடுத்து ஆலோசனை சொல்லும். எந்த அளவில் கட்டுவது, எதைப் பிறகு சேர்ப்பது என்பதைக் குடும்பமே தீர்மானித்தது. வளரும் நாடுகள் பலவும் இதை உற்றுநோக்கின. பிரேமதாச 1980 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் முன்வைத்த யோசனையின்படி 1987 ஆம் ஆண்டு சர்வதேச வீடற்றோர் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. பிரேமதாச அரசியலில் எனக்கு உடன்பாடில்லாதவை பல. இருந்தும், ஏழைக்கு வீடு கட்டத் தெரியும் என்று நம்பிய ஒரு கொள்கை இந்த மண்ணில் பிறந்தது என்பதை ஒப்புக்கொண்டேயாக வேண்டும்.

அந்த ஆண்டு வடக்கில் எப்படி இருந்தது என்பதை வாசகர்கள் அறிவர். உலகம் வீடற்றோரை நினைவுகூர்ந்த அதே 1987 இல் வடமராட்சியிலும் பின்னர் வலிகாமத்திலும் வீடுகள் வீழ்ந்துகொண்டிருந்தன. அதற்கு முன்பே, 1983 ஜூலையில், கொழும்பில் வீடுகளை இழந்தவர்கள் கப்பல்களில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கியிருந்தார்கள். நாட்டின் ஒரு பாதியில் அரசு வீடு கட்டும் துறையாகவும் மறுபாதியில் இழப்பீட்டு விண்ணப்பம் வாங்கும் துறையாகவும் பிரிந்தது அக்காலத்தில்தான்.

1990 இன் பின் நடந்தது அதைவிட விசித்திரமானது. காங்கேசன்துறையில் 1950 இலிருந்து சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிவந்தது. எங்கள் நிலத்தின் சுண்ணாம்புக் கல்லை அகழ்ந்தே அங்கு சீமெந்து செய்தார்கள். தெற்கின் எத்தனையோ கட்டடங்களில் எங்கள் கல் இருக்கிறது. 1990 இல் யுத்தத்தினால் அத்தொழிற்சாலை நின்றது. அதே காலத்தில் குடாநாட்டுக்கு அனுப்பத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் சீமெந்தும் சேர்ந்தது. சீமெந்து செய்த ஊரில் ஒரு பை சீமெந்து கிடைக்கவில்லை. ஷெல் விழுந்து உடைந்த சுவர்களை மக்கள் களிமண்ணாலும் சுண்ணாம்பாலும் பூசினார்கள். ஓடு போன இடத்தைக் கிடுகால் மூடினார்கள். றெயில் நின்றுபோன பாதையின் சிலிப்பர் கட்டைகள் வளவுகளிற் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. குண்டுக்குத் தாக்குப்பிடிக்கும் அறை ஒன்று நிலத்தின் கீழ் வேண்டும் என்பதே அந்த ஐந்து ஆண்டுகளின் வீடமைப்புக் கொள்கை. அதை எந்த அமைச்சும் வகுக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. மானிப்பாயும் நடந்தது. நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சியில் மரங்களின் கீழும் பாடசாலைகளிலும் மழையில் தங்கியவர்களிடம் அன்று கல்வீட்டுக்காரர், கொட்டில்காரர் என்ற பேதம் இருக்கவில்லை. 1996 இல் திரும்பிவந்தபோது அந்தப் பேதமும் கூடவே திரும்பியது. கல்வீட்டுக்காரருக்குக் கதவும் யன்னலும் கூரை மரமும் போயிருந்தாலும் நான்கு சுவர் நின்றது, நிலம் நின்றது. பிறருடைய வளவில் இருந்தவருக்குத் திரும்பி வருவதற்கென்று எதுவும் இருக்கவில்லை. வலிகாமம் வடக்கு மக்களுக்கோ உறுதி இருந்தும் நிலத்துக்குப் போக முடியவில்லை. 1990 இல் வெளியேறிய அவர்களின் ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக்கொண்டன. 1981 இன் பின் 2012 வரை குடாநாட்டில் முழுமையான குடிசன மதிப்பீடும் நடக்கவில்லை. எத்தனை பேர், எத்தனை வீடு என்ற கணக்கில் முப்பத்தொரு ஆண்டு இடைவெளி.

சமாதான காலம் என்று சொல்லப்பட்ட ஆண்டுகளில் வடக்குக் கிழக்கு வீடமைப்பு மீள்நிர்மாணத் திட்டம் வந்தது. உலக வங்கி 2004 இறுதியில் இதற்கு நிதியுதவி வழங்க இணங்கியது. முழுதாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபா. பணம் கட்டுபவரின் வங்கிக் கணக்குக்குத் தவணைகளாக வரும். அத்திவாரம், சுவர், கூரை என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் அடுத்த தவணை. கட்டும் பொறுப்பு மீண்டும் குடும்பத்தின் கைக்கு வந்தது. அதே சமயத்தில் சுனாமியும் வந்தது. சுனாமியில் வீடிழந்தவருக்கும் அரசு நிர்ணயித்த தொகை அதே 250,000 தான். ஆனால் கடற்கரைகளில் தொண்டு நிறுவனங்கள் போட்டிபோட்டுப் பெரிய வீடுகளைக் கட்டின. யுத்தத்தில் வீடிழந்தவர் அயற் கிராமத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலால் அழிந்த வீட்டுக்கு ஒரு மதிப்பும் குண்டால் அழிந்த வீட்டுக்கு வேறொரு மதிப்பும் இருப்பதாக அவர் எண்ணியதில் தவறில்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டதும் சீமெந்து மீண்டும் கப்பலை நம்பியது. சுவர் எழுந்து கூரையில்லாமல் நின்ற வீடுகளை அந்நாட்களில் எங்கும் காணலாம்.

யுத்தம் முடிந்தபின் வந்தவற்றில் பெரியது இந்திய வீட்டுத்திட்டம். 2010 ஜூனில் 50,000 வீடுகள் என்று அறிவிக்கப்பட்டது. முன்னோடியாக 1,000 வீடுகளை இந்திய நிறுவனமொன்று ஒப்பந்தக்காரராக நின்று கட்டியது. 2010 நவம்பரில் அரியாலையில் அந்த வேலை தொடங்கியது. 2012 ஒக்ரோபர் 2 இல் தொடங்கிய அடுத்த கட்டத்தில் வழி மாறியது. வடக்குக் கிழக்கில் 45,000 வீடுகள், புதிய வீடு ஒன்றுக்கு 550,000 ரூபா, கட்டுபவர் உரிமையாளரே. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் பத்து இலட்சம் திட்டம் கண்டுபிடித்ததை மறுபடியும் கண்டுபிடித்தார்கள். வேலை விரைந்தது. ஊர் மேசன்மாருக்கும் தச்சர்களுக்கும் வேலை கிடைத்தது. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் தாய்மாரே நின்று சீமெந்துக் கல் அரிந்ததை நான் கிளிநொச்சியில் கண்டிருக்கிறேன். குறைகளும் இருந்தன. தொகை போதாமல் நகை அடைவு வைத்தவர்கள் உண்டு. புள்ளி வழங்கும் முறை பெரிய குடும்பங்களுக்குச் சாதகமாக அமைந்ததால் தனித்திருந்த முதியவர்கள் பின்தள்ளப்பட்டதும் உண்டு. ஆனாலும் அந்த வீடுகளில் மக்கள் வாழ்கிறார்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் ஓர் அறையை இழுத்துக் கட்டுகிறார்கள். தானே கட்டியவனுக்குத்தான் எந்தச் சுவரை உடைக்கலாம் என்பது தெரியும்.

இதற்கு நேர்மாறாக ஒன்று 2015 இன் பின் வந்தது. 65,000 பொருத்து வீடுகள். வெளிநாட்டு உருக்கு நிறுவனமொன்று இரும்புத் தகட்டு வீடுகளை ஆயத்தமாகக் கொண்டுவந்து பொருத்தித் தரும். வீடு ஒன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அந்தப் பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாமே என்று முதலிற் கேட்டவர்கள் ஊர்ச் சனங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்களும் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்களும் அதே கேள்வியைக் கணக்கோடு கேட்டார்கள். எங்கள் வெயிலுக்கு இரும்பு ஏற்றதா, உப்புக்காற்றில் எத்தனை ஆண்டு தாங்கும், அடுப்புப் புகை எங்கே போகும், ஊர் மேசனுக்கு என்ன வேலை? விடை வரவில்லை. எண்ணிக்கை 6,000 ஆகக் குறைக்கப்பட்டு இறுதியில் திட்டமே கைவிடப்பட்டது. எதிர்க்கட்சியும் பத்திரிகையும் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தடுப்பது புதிதல்ல. வீடு தேவைப்பட்டவர்களே அந்த வீடு வேண்டாம் என்று சொன்னதுதான் புதிது.

அதன்பின் வந்தவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 இலிருந்து 2019 வரை சஜித் பிரேமதாச வீடமைப்பு அமைச்சராக இருந்து நாடெங்கும் மாதிரிக் கிராமங்களைத் தொடங்கினார். இருந்த கொட்டிலைப் பிரித்துவிட்டு அத்திவாரம் போடும்படி மக்களுக்குச் சொல்லப்பட்டது. 2019 நவம்பரில் ஆட்சி மாறியது. அடுத்த தவணை வரவில்லை. புதிய அரசு ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவுக்கும் ஒரு வீடு என்று கணக்கிட்டு 14,022 வீடுகளை அறிவித்தது. நின்றுபோன வீடுகள் அந்தக் கணக்கில் இல்லை. 2022 இல் நாடு கடனடைக்க முடியாமல் நின்றபோது ஒரு பை சீமெந்து மூவாயிரம் ரூபாவையும் தாண்டியது. யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும் அரைச்சுவருக்கு அருகே தகரக் கொட்டில் போட்டுப் பல ஆண்டுகள் இருந்த குடும்பங்கள் இந்த மாற்றங்களின் விலையைக் கொடுத்தன. ஒரு திட்டம் அமைச்சரின் பெயரில் ஓடினால் அமைச்சரோடு நின்றுவிடும்.

இத்தனை திட்டங்களும் சேர்ந்து கேட்ட முதலாவது பத்திரம் ஒன்றே ஒன்றுதான்: காணி உறுதி, அல்லது அரச காணிக்கான அனுமதிப் பத்திரம். வன்னியில் அரச காணி உண்டு. காணியற்றவருக்கு அனுமதிப் பத்திரம் கொடுத்து வீடும் கொடுக்கலாம். குடாநாட்டிற் பெரும்பாலானவை தனியார் காணிகள். மல்லாகம் கோணாப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாம் போன்ற நலன்புரி நிலையங்களில் யுத்தம் முடிந்து பல ஆண்டுகள் கழிந்தும் எஞ்சியிருந்தவர் யார் என்று பாருங்கள். தங்கள் ஊர் விடுவிக்கப்படக் காத்திருந்தவர்கள் ஒரு பகுதி. ஊர் விடுவிக்கப்பட்டாலும் அங்கே சொந்தமாக ஒரு பரப்பும் இல்லாதவர்கள் மறுபகுதி. 2016 இல் கீரிமலையில் நல்லிணக்கபுரம் என்ற பெயரில் காணியற்றோருக்கு வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. காணியோடு வீடு கொடுத்த அபூர்வமான சந்தர்ப்பம் அது. விதிவிலக்காகவே நின்றுவிட்டது.

உறுதி உள்ளவர்களுக்கும் நிம்மதியில்லை. இடப்பெயர்வில் உறுதிகள் தொலைந்தன. பங்கு பிரிக்காத காணிகளின் பங்காளர்கள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். பத்து ஆண்டு எதிர்ப்பின்றி ஆண்டவருக்கே காணி என்ற பழைய சட்டத்திலிருந்து யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்களைக் காப்பதற்கு 2016 இல் விசேட சட்டமொன்றை இயற்ற வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில் வடக்கில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துள் உரிமை கோராவிட்டால் அரசுக்குரியதாகும் என்ற வகையில் வர்த்தமானி அறிவித்தல் வந்தபோது ஊரே கலங்கியது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பலாலிப் பகுதியில் ஒரு பங்கு நிலம் இன்னும் படையினரிடமே இருக்கிறது.

சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளை எங்கள் அரசியல்வாதிகள் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். அங்கே 1960 இல் வீடமைப்புச் சபையை அமைத்தவர்கள் 1966 இல் காணி சுவீகரிப்புச் சட்டத்தையும் கொண்டுவந்தார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். நிலத்தைத் தேடிக்கொண்டுதான் அவர்கள் வீட்டை எண்ணினார்கள். எங்கள் நாட்டில், அதிலும் எங்கள் பகுதியில், காணி சுவீகரிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் அஞ்சுவதற்கு நியாயமுண்டு. சுவீகரித்த நிலம் முகாமாகியதைக் கண்டவர்கள் அவர்கள். ஆகவே இங்கே பலவந்தம் உதவாது. விலைகொடுத்து வாங்குவதே வழி.

இன்று மானிப்பாய் ஒழுங்கைகளில் நடப்பவர் இரண்டு காட்சிகளைக் காணலாம். வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த மாடிவீடு, படலைக்குப் பதில் இரும்புக் கேற், அதில் பூட்டு. ஆண்டுக்கொரு முறை கோயில் திருவிழாவுக்குத் திறக்கும். சற்றுத் தள்ளி, இன்னொருவர் வளவின் மூலையில், சீற் போட்ட இரண்டறை. அதில் ஆறு பேர். வீடுகளின் எண்ணிக்கையைக் குடும்பங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் பற்றாக்குறை பெரிதாகத் தெரியாமற்கூடப் போகலாம். அமைச்சின் அறிக்கைக்கு அது போதும்.

அடுத்த வீட்டுத்திட்டத்தை அறிவிக்கப்போகும் அமைச்சருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். எண்ணிக்கையை அறிவிப்பதற்கு முன் ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் சொந்த நிலமில்லாத குடும்பங்களின் பட்டியலை வெளியிடுங்கள். அவர்களுக்கு இரண்டு பரப்புக் காணி வாங்கப் பணம் ஒதுக்குங்கள். உறுதியைக் குடும்பத் தலைவியின் பெயரில் எழுதுங்கள். எங்கள் ஊருக்கு அது புதிதல்ல. மிகுதிக் காசை அவர்கள் கையிற் கொடுங்கள். வீட்டை அவர்கள் கட்டிக்கொள்வார்கள்.